கூடையில் அழுத பிள்ளை

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். பத்தாவதில் மூன்று பாடத்தில் கோட்டை விட்டவன் நான். பேனா பிடித்து இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதியதெல்லாம் வாத்தியார் தண்டனையாகக் கொடுத்த நூறு தடவை எழுதுகிற வேலைதான். அதிலும் பாதியைப் பக்கத்துப் பெஞ்சு நண்பனை எழுத வைத்தேன். அவன் அதிராம்பட்டினத்துக்காரன். அவன் மாமாவின் துணிக்கடை தஞ்சாவூரில் இருந்ததால் எங்களோடு படித்தான். இப்போது துபாயில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். போன வாரம் அம்மாவின் போனில் அவனிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நானே இரண்டு தடவை சிரித்துவிட்டேன். "நீ வாயால சொன்னா எல்லாம் நக்கலாப் போயிடும்டா. எழுதி அனுப்பு" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். இன்றைக்கு மத்தியானம் மழைக்கு நடுவே மாடியில் இரும்புப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பட்டாளத்துக் குடும்பத்தில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை ரயிலில் ஊருக்குப் போகிறார்கள். திரும்பி வரப்போவதில்லை. அவர்களைப் போக வைத்தது ஒரு போட்டோ. அதை எடுத்தவன் நான். அது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே, புது ஆற்றங்கரையில் இருக்கிறது. விமானப்படை முகாம் பக்கத்திலேயே இருப்பதால் தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போனாலும் எங்கள் மாடுகள் நிமிர்ந்துகூடப் பார்க்காது. முகாமுக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் வாடகைக்கு வருவார்கள். பஞ்சாபி, மலையாளி, பீகாரி என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஜூன் மாதம் வந்த இந்தக் குடும்பம் மட்டும் நிஜமாகவே வெளிநாடு. நேபாளம். அந்த அண்ணன் நம்முடைய பட்டாளத்தில் பதினைந்து வருடத்தை முடித்துவிட்டு, மறுபடி சேர்ந்து, முகாம் வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர். தமிழ்ச் சிப்பாய்களோடு வருடக்கணக்கில் ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்ததால் தமிழ் ஒரு மாதிரி வரும், கெட்ட வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வரும். அவர் மனைவிக்கு அப்போது ஒரு வார்த்தை தெரியாது. ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று. அப்புறம் ஒரு மூங்கில் கூடை. கீழே குறுகி மேலே அகன்று, பெரிய புனல் மாதிரி இருந்தது. அதில் ஒரு பட்டை கட்டியிருந்தது. பட்டையை நெற்றியில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு அண்ணன் மாடிப்படி ஏறினார். உள்ளே பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வந்த நாலாம் நாள் மாடிப்படிக்கு அடியில் நல்ல பாம்பு வந்தது. என் அம்மா மண்வெட்டியோடு போய் ஒரே மூச்சில் அதை மூன்று துண்டாக்கினார். அந்தப் பெண்பிள்ளை படியில் நின்று பார்த்தது. அழும் என்று நினைத்தேன். இறங்கி வந்து, இன்னும் துடித்துக்கொண்டிருந்த வால் துண்டை எடுத்து தம்பி கழுத்தில் போடப் போனது. நான் ஓடிப் பிடுங்கினேன். அன்றைக்கே இது நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

தெருவில் எல்லாரும் அவரை கூர்க்கா என்றுதான் சொன்னார்கள். அந்த முகவெட்டோடு யார் வந்தாலும் இங்கே தடியையும் விசிலையும் தேடுவார்கள். நான் சும்மா இருப்பேனா? சந்தையில் ஒரு விசில் வாங்கி, தெருவே பார்க்க அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டார். பையன் மூன்று நாள் ஊதித் தள்ளினான். நாலாம் நாள் என் அம்மா அதை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கிய பிறகுதான் தெரு தூங்கியது.

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளையைச் சைனாக்காரி என்று கண்ணை இழுத்து இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். வந்து அழுதது. அடிக்க வந்தால் கடித்துவிடு என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கே கடிப்பது என்பதற்கு என் முழங்கையில் பழக்கியும் காட்டினேன். இரண்டாம் நாள் ஒரு பையனுடைய காது மடல் பாதி தொங்கிற்று. தையல் போட்டார்கள். பையனின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்று கத்த, அந்த அக்கா ஒன்றும் புரியாமல் கை கூப்பிக்கொண்டே நின்றார். கற்றுக்கொடுத்தது யார் என்று அந்தப் பெண் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளும் என்னை மாமா என்றுதான் கூப்பிடும். அந்த அக்கா என் அம்மாவிடம் ஐந்து மாதத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, சண்டை போடுகிற அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

போட்டோவுக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் நடப்பார். வேலையே இல்லாமல் நடப்பார். எங்கள் பக்கம் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. நடக்கிற ஆம்பளையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வோம். ஏறாவிட்டால் கிறுக்கு என்று முடிவு கட்டுவோம். ஆடி மாதம் புது ஆற்றில் தண்ணீர் வந்தபோது, கூடையில் மகனை உட்கார வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கரையோடு எட்டு கிலோமீட்டர் போய் வருவார். பையன் கூடைக்குள் முதுகுப்புறம் பார்த்து உட்கார்ந்து, விட்டுப் போகிற ஊரையெல்லாம் வேடிக்கை பார்ப்பான்.

ஒரு ஞாயிறு காலையில் அவர்கள் கிளம்பும்போது நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பையன் கையில் குச்சி ஐஸ். அண்ணன் அந்தப் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார், நான் வருவது தெரியாது. மெதுவாகப் போய் ஐஸைப் பிடுங்கிவிட்டேன். பையன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். அப்புறம் வாயைத் தொண்டை தெரிகிற மாதிரி திறந்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி அழுதான். அந்த நேரம் பார்த்து போனில் எடுத்தேன். முகம் தெரியாத ஒரு ஆள் கூனிக்கொண்டு நடக்கிறார், முதுகுக் கூடையில் ஒரு பிள்ளை கை நீட்டிக் கதறுகிறது. அருமையான படம். அண்ணன் திரும்புவதற்குள் ஐஸைத் திருப்பிக் கொடுத்தேன், பையன் உடனே சிரித்தான். அதை எடுக்கவில்லை.

எங்கள் கூட்டாளிகள் குரூப்பில் போட்டேன். பிள்ளை பிடிக்கிறவர் கூடையோடு வந்துவிட்டார், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைகள் இருந்தால் கொள்முதல் செய்வார், ஈரப்பதம் அதிகமாக இருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று கீழே எழுதினேன். நெல்லைக் கொட்டிவிட்டுக் கொள்முதல் நிலையத்தில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற எங்களுக்கு ஈரப்பதம் என்றாலே சிரிப்பு வரும், அழுகையும் வரும். நாலு பேரும் சிரித்தார்கள். துபாய்க்காரன் மட்டும், "வேணாம்டா, அழிச்சுரு" என்று போட்டான். அவனுக்கும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காயில் குங்குமம் அடைத்து நடுரோட்டில் ஓங்கி உடைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் அண்ணன் அவருடைய வளைந்த கத்தியைத் துடைத்துப் பூ வைத்திருந்தார். அவர்களுக்கும் அதே நாளில்தான் ஆயுதத்துக்குப் பூஜையாம். ஆனால் அவர்களுக்குக் கிடா வெட்ட வேண்டும். சரஸ்வதிக்குப் படைத்த வீட்டில் ரத்தமா என்று என் அம்மா குதித்தார். கடைசியில் வீட்டில் வேண்டாம், வயல் ஓரத்தில் போர் செட்டுக்குப் பக்கத்தில் முனி கல் இருக்கிறது, அங்கே வெட்டிக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம் போய் நானும் அண்ணனும் கறுப்புக் கிடா பிடித்து வந்தோம்.

தெருவில் பாதிப் பேர் பார்க்க வந்துவிட்டார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். அக்கா கிடாயின் தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்துவிட்டு விலகி நின்றார். யாரும் அசையவில்லை. கிடாய் உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். அதுதான் உத்தரவு. உதறாமல் வெட்டக் கூடாது. எங்கள் முனிக்கும் அதே வழக்கம்தான். என் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "இவங்களும் தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்குறாங்கடா" என்றார். கிடாய் நின்றது. கால் மணி நேரம் போயிருக்கும். என் அம்மாவே சொம்பை வாங்கி இன்னொரு முறை காது ஓரத்தில் ஊற்றினார். கிடாய் முழு உடம்பையும் உதறியது. எங்கள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது. கத்தி ஒரு தடவைதான் இறங்கியது. தலை ஒரு பக்கம் விழுந்தது, உடம்பு இரண்டு அடி நடந்து போய் என் காலடியில் மடங்கியது. ரத்தம் வரப்பு வழியாகத் தண்ணீர் போகிற வாய்க்காலில் இறங்கி ஓடியது.

அடுத்த நாள் விஜயதசமி. இருட்டில் மூடி வைத்து வளர்த்த வெளிறிய பார்லி முளைகளை எடுத்துவந்தார் அக்கா. மாரியம்மனுக்கு நாங்கள் போடுகிற முளைப்பாரி மாதிரியே இருந்தது. தயிரும் சிவப்புப் பொடியும் பிசைந்த அரிசியை அண்ணன் எல்லார் நெற்றியிலும் கட்டியாக அப்பினார். முளையைக் காதில் செருகினார். எனக்கும் அம்மாவுக்கும் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மண்டை உடைந்த மாதிரியே இருக்கும். நான் தெருமுனை தாண்டுவதற்குள் துடைத்துவிட்டேன். அவர்கள் சில நாள் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் ஒரே செய்தி. வடக்கிலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், நரபலி கொடுக்கிறார்கள் என்று. எங்கள் குரூப்பிலிருந்து எவனோ தள்ளிவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு குரூப்பிலிருந்து நான் எடுத்த போட்டோ எனக்கே வந்தது. என் கொள்முதல் ஜோக்கைக் காணோம். அதற்குப் பதிலாக, இவன்தான், பார்த்தால் விடாதீர்கள் என்று இருந்தது. எனக்கு முதலில் வந்தது பெருமை. நான் எடுத்த படம் இவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறதே என்று. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை. அண்ணனிடம் அதைக் காட்டி இந்த ஞாயிறு நடக்கப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். படம் யார் எடுத்தது என்று கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் ஒரத்தநாடு போகிற வழியில் குறுவை அறுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்த்தேன். பிள்ளை பிடிக்கிறவன் சிக்கிவிட்டான், சீக்கிரம் வாங்க என்று ஊர்ப் பேரோடு ஒரு செய்தி. கூடவே ஒரு படம். ரோட்டில் ஒரு மூங்கில் கூடை மிதிபட்டுக் கிடந்தது. மெஷினை ஓடவிட்டே குதித்தேன். வயல்காரர் பின்னால் கத்தினார். பைக்கில் ஐந்து நிமிஷம். அந்த ஊர்ப் பேர் வேண்டாம், அங்கே எங்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது.

நடந்தது இதுதான். பையன் ஐஸ் கேட்டு அழுதிருக்கிறான். அண்ணன் பெட்டிக்கடையில் நின்றிருக்கிறார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். படத்தில் இருப்பது போலவே பிள்ளை கை நீட்டி அழுகிறது. அவ்வளவுதான்.

நான் போனபோது நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கூடையின் நெற்றிப் பட்டையாலேயே அவர் கையை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஒருவன் தென்னை மட்டையால் அடித்தான். ஒருவன் செருப்பால். ஒரு பெரியவர் மற்றவர்கள் ஓய்கிற நேரமாகப் பார்த்து வந்து குடையால் வயிற்றில் குத்திவிட்டுப் போனார், மறுபடி வந்தார். யாரும் ரவுடி இல்லை. காதில் அணைந்த பீடியோடு வந்தவர்களும், பால் கேனை ஓரமாக வைத்துவிட்டு வந்தவர்களும்தான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. அந்தச் சிவப்பு அரிசி எது, ரத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவருடைய பட்டாள அட்டை தரையில் கிடந்தது. டூப்ளிகேட் என்று ஒருவன் அதன் மேல் காலை வைத்துத் தேய்த்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. பையன் ஒரு பொம்பளையின் இடுப்பில் இருந்து அவன் பாஷையில் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். "அந்த ஆளைப் பார்த்தே பிள்ளை பயப்படுது பாரு" என்று அந்தப் பொம்பளை பையன் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டார்.

கிடாய்க்காவது தண்ணீர் தெளித்து, அது தலையை உதறுகிறவரை நின்றோம். அங்கே நிற்கும்போது எனக்கு அதுதான் ஓடியது.

உள்ளே விழுந்தேன். எங்கள் வீட்டில் குடியிருக்கிறவர், பட்டாளத்துக்காரர், அது அவருடைய பிள்ளை என்று கத்தினேன். "நீ யார்றா, ஏஜென்டா?" என்று ஒருவன் மண்வெட்டிக் காம்பை என் வாயில் இறக்கினான். முன்பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. நான் நிறைய அடி வாங்கியவன்தான், தெரிந்தவர்களிடம். தெரியாதவர்கள் அடித்தால் எங்கே நிறுத்துவார்கள் என்றே தெரியாது.

ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, போனை மூக்குக்கு நேராக நீட்டினான். "அப்ப இது யாருடா, உங்க தாத்தாவா?"

என் படம். எங்கள் வீட்டு நீலக் கேட் ஓரத்தில் தெரிந்தது. வலது மூலையில் பெயின்ட் தீர்ந்துபோய் நான் அடிக்காமல் விட்ட துருப்பிடித்த முக்கோணமும் தெரிந்தது. இதை நான்தான் எடுத்தேன், விளையாட்டுக்கு எடுத்தேன், அது எங்கள் வாசல். ஒரு வரிதான். சொன்னால் மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பும் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன். பரீட்சையில் ஒருநாளும் சரியாக வராத கணக்கு அன்றைக்கு வந்தது. "யாரோ எடுத்து விட்டிருக்கானுங்க" என்றேன். அவன் என் தலையைக் கம்பத்தில் மோதினான். அதற்குள் அண்ணன் இன்னும் ஏழெட்டு அடி வாங்கிவிட்டார். அந்த ஏழெட்டும் என் கணக்கு.

அடியை நிறுத்தியது பையன். என் குரல் கேட்டு அந்தப் பொம்பளையின் தோளிலிருந்து தலையை உருவிக்கொண்டான். என்னைப் பார்த்து அதே மாதிரி, வாயை முழுசாகத் திறந்து, இரண்டு கையையும் நீட்டினான். "மாமா, வீட்டுக்குப் போலாம்" என்றான், நல்ல தமிழில், எங்கள் அம்மா பேசுகிற இழுப்போடு. அந்தப் பொம்பளை அவனை இறக்கிவிட்டார். ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அப்புறம் என்னை விட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அந்தப் பொம்பளைதான் மட்டை வைத்திருந்தவனைப் பிடித்துத் தள்ளினார். "நிறுத்துங்கடா. அது அவன் புள்ளைடா" என்றார். ஆட்கள் கலைந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். குடைப் பெரியவர் குடையை விரித்துக்கொண்டு போனார். வெயில் அவ்வளவு இல்லை.

அண்ணனுக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டேன். பையன் அவர்கள் கையில் இருந்தான், தம்பி என்றார். போலீஸ் சிலரைப் பிடித்தது. போட்டோ எடுத்தது யார் என்று என்னையும் கேட்டார்கள். தெரியாது என்றேன். குரூப்பில் இருந்த கூட்டாளிகளும் தங்களுக்கு வம்பு வரும் என்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே என் போனை ஒரு செங்கல்லோடு சேர்த்துக் கட்டிப் புது ஆற்றில் போட்டேன். தண்ணீரில் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு நான் தெய்வம். தெருவுக்கும் தெய்வம். பல்லை இழந்து உயிரைக் காப்பாற்றினவன் என்று என்னை நிறுத்திவைத்து எல்லாரும் பார்த்தார்கள். டீக்கடையில் இரண்டு வாரம் யாருமே என்னைக் கேலி பண்ணவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான இரண்டு வாரத்தை நான் பார்த்ததில்லை.

அக்கா மட்டும் அந்தப் போட்டோவைத் தன் போனில் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, விரலால் பெரிசாக்கி, அந்தத் துருப்பிடித்த முக்கோணத்தைக் காட்டினார்.

"அடிச்சவங்க அறியாதவங்க, தம்பி. அவங்கள விட்டுட்டேன். இத எடுத்தவன் நம்ம வாசல்ல நின்னு எடுத்திருக்கான். எம்புள்ளய அவனுக்குத் தெரியும். தினமும் பாக்குறான். அவன் யாருன்னு தெரியாம நான் எப்படி கதவத் தொறப்பேன்?"

நீ ஊரெல்லாம் சுத்துகிறவன், நீ கேட்டால் சொல்வார்கள், கண்டுபிடித்துச் சொல் என்றார். சரிக்கா என்றேன்.

அன்றிலிருந்து பிள்ளைகள் கீழே இறங்கவில்லை. பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. மாடிக் கதவுக்கு உள்ளே அந்த இரும்புப் பெட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் இரண்டு முகம் தெரியும். நான் கீழே நின்று குரங்குச் சேட்டை பண்ணினால் பையன் சிரிப்பான். உடனே உள்ளிருந்து ஒரு கை வந்து அவனை இழுத்துக்கொள்ளும், பிறகு கீழே பார்த்து நான்தான் என்று தெரிந்ததும் விட்டுவிடும். அந்தக் கை விடுகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு முதல் நாளே இந்த வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் இங்கே இருப்பார். பிள்ளைகள் மலைக்குத் திரும்புகிறார்கள். வருடத்துக்கு ஒரு லீவு, ஒரு மாதம் அப்பா. என் அம்மா அழுதார். கண்டுபிடிச்சியா என்று அக்கா என்னிடம் இன்னொரு தடவை கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, அதாவது முந்தாநாள், என்னைக் குளித்துவிட்டு மாடிக்கு வரச் சொன்னார். அவர்களுக்கு அன்றைக்கு அண்ணன் தம்பிக்குச் சகோதரி பொட்டு வைக்கிற நாள். எமன் கிட்டே வராமல் இருக்க வைப்பதாம். அவருடைய தம்பிகள் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள், அதனால் இந்த வருடம் நான். தரையில் உட்கார வைத்தார். பூமார்க்கெட்டில் வாடாமல்லி வாங்கி மாலை கட்டி வைத்திருந்தார். வாடாத பூதான் போட வேண்டும், உயிரும் வாடக் கூடாது என்று. என்னைச் சுற்றி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே மூன்று வட்டம் வந்தார். அந்த வட்டத்தை எமன் தாண்ட மாட்டானாம். நெற்றியில் ஏழு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொட்டு. பெண்பிள்ளையும் தம்பிக்கு வைத்தது. அவன் அதை நக்கப் பார்த்தான்.

அப்புறம் ஒரு அக்ரூட் கொட்டையை வாசற்படியில் வைத்தார். எங்கள் அம்மாவின் அம்மிக் குழவியை முன்னமே வாங்கி வந்திருந்தார். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். எமனை உடைக்கிறது, தம்பியின் எதிரியை உடைக்கிறது, இரண்டும் அதிலேயே. ஒரே அடியில் ஓடு தூளாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி தூக்கி இறக்கினார். மறுபடியும். படியின் சிமென்ட் பெயர்ந்து தெறித்து என் முழங்காலில் பட்டது. பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. அண்ணன் கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "இது போட்டோ எடுத்தவன் தல" என்றார்.

நான் எண்ணெய் வட்டத்துக்கு நடுவில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தாலும் எனக்கு வாயில் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். பாட்டி செத்த வீட்டிலேயே சிரிக்க வைத்தவன். அன்றைக்குக் கழுத்திலிருந்த வாடாமல்லியை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் தட்டில் இனிப்பு வைத்தார், தின்றேன். பல் விழுந்த பக்கம் வைத்துத் தின்றதில் வலி உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு, அழாத தம்பி, அடுத்த வருசம் தபால்ல பொட்டு அனுப்புறேன் என்று என் தலையில் கை வைத்தார்.

இதோ மழை விட்டுவிட்டது. பெட்டி இழுக்கிற சத்தமும் நின்றுவிட்டது. மூட்டை எல்லாம் கட்டியாயிற்று போல. பையன் மாடியில் குதிக்கிறான், விட்டத்திலிருந்து சுண்ணாம்பு என் நோட்டில் உதிர்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை. எழுதினதையெல்லாம் அம்மாவின் போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து துபாய்க்கு அனுப்பினேன். பதினோரு படம். கடைசியில், எழுதிட்டேன்டா, இனிமே நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டேன்.

அவன் எல்லாவற்றையும் படித்து முடிக்கிறவரை நீல டிக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரே வரிதான் போட்டான்.

"என்கிட்ட ஏன்டா அனுப்புற, அவங்க உன் வீட்டு மாடியிலதானே இருக்காங்க."